கற்றாழைக்கு ஆற்றுத் தண்ணீர்

நாம் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது எடுத்த போட்டோ உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? என்னிடம் இருந்தது வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. வேப்பமரத்தடியில் மூன்று வரிசையாக நிற்கிறோம். போட்டோக்காரர் எத்தனை முறை சிரிக்கச் சொல்லியும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. "என்ன டீச்சர், பசங்கள அடிச்சு இழுத்தாந்து நிறுத்திட்டீங்களா?" என்று அவர் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

நமக்குள் இருக்கும்போது நாம் நன்றாகவே சிரித்தோம். எல்லோர் பல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். டீத்தூள் ஊறிய நிறம், நடுநடுவே சுண்ணாம்பு தெறித்த மாதிரி புள்ளிகள். வெளியாள் வந்தால்தான் கை வாய்க்குப் போகும். நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி, "நீ பாக்கு போடுவியா?" என்று கேட்டாள். அதுவரை என் பல் எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் தலை நிமிரும். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் படம் வரைவது போல. அம்மாவுக்கு அதுவும் இல்லை. தக்காளிக்கு அடிக்கும் மருந்து டப்பாவில் ஒரு டேங்குக்கு எத்தனை மூடி என்று நான் படித்துச் சொன்ன பிறகுதான் அப்பா கலக்குவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதல் வரியிலிருந்து கடைசியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை நான் படிக்க வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். "எம் பாப்பா படிச்சா ரேடியோல சொல்ற மாதிரி இருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. எங்கள் போர்வெல்.

நாங்கள் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நிலத்திலேயே வீடு கட்டி இருந்தோம். நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் போரைப் போட்டார்கள். அதுவரை பக்கத்து நிலத்துப் போரில்தான் குடிக்கத் தண்ணீர் பிடித்தோம். முதல் நாள் முழுக்க வெள்ளைப் புழுதிதான் பறந்தது. வீடு, எருமை, அம்மாவின் தலை எல்லாம் மாவு கொட்டியதுபோல ஆனது. மறுநாள் மத்தியானம் எண்ணூறு அடியைத் தாண்டியதும் தண்ணீர் சேறோடு பீறிட்டது. அப்பா சட்டையோடு போய் அதற்கடியில் நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் சொம்பில் மொண்டு நீட்டுவார். "பாறையைக் கிழிச்சுக்கிட்டு வந்த தண்ணிங்க இது. குடிச்சுப் பாருங்க, எளநி தோத்துப்போவும்."

தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வர ஆரம்பித்ததும் அதே காலத்தில்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை, காலையில் அரைமணி நேரம். அந்தத் தண்ணீரில் மருந்து வாசனை அடித்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "ஆஸ்பத்திரியக் கழுவி உட்ட மாதிரி இருக்குது. இதுல சோறாக்குனா யாரு திம்பா?" குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவவும் எருமைக்கும் போயிற்று. நாங்கள் போர் தண்ணீர் குடித்தோம்.

அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் பார்க்க ஆரம்பித்தபோதே அவரால் தலையை மட்டும் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் காலை மாற்றிவைத்து உடம்பு மொத்தத்தையும் திருப்புவார். தக்காளிக் கிரேடுப் பெட்டி தூக்கித் தூக்கி நரம்பு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம். ஊரில் வேறு முடிவு. ஒருநாள் மண்டியில் பெரியப்பா பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். அப்பா தோளில் பாரம், திரும்பவில்லை. அன்று சாயங்காலமே வாசலுக்கு வந்து அம்மாவிடம் கத்தினார்.

"போர் போட்டதும் உன் வூட்டுக்காரனுக்குக் கழுத்து வெறச்சிருச்சு. அண்ணன் கூப்புடறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்."

"அய்யோ, அவருக்குக் கழுத்து ஆட மாட்டேங்குதுங்க மாமா."

"தண்ணி வந்தா எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆவும்!"

பெரியப்பா அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இப்போது யோசித்தால், கோபத்தில் அவர் உண்மையைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார். அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பொங்கல் கழிந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. பென்னாகரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஈரச் சாக்கில் சுற்றி நான்கு கற்றாழைக் குட்டிகளைக் கொண்டுவந்திருந்தாள். அப்பாவை உட்காரவைத்துக் கழுத்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தாள்.

"ஏன்டா, கட்டை மாதிரி இருக்குது. வாயுடா இது. கத்தாழைச் சோறு வெறும் வயித்துல ஆறு மாசம் விடாம சாப்புடு. கழுத்து பம்பரமாட்டம் சுத்தும்."

"பம்பரமாட்டம் சுத்துனா கழண்டு உழுந்துராதாக்கா?"

"உழுந்தா உம் பொண்டாட்டி எடுத்து ஒட்டவெச்சிக்குவா. சொன்னதச் செய்."

செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தங்கச்சிக்கு அப்போது மூன்று வயது. அவளால் பிடுங்கத்தான் முடியும்.

நான்கு குட்டி இரண்டு மாதத்தில் ஒன்பதானது. பெயிண்ட் வாளி, கைப்பிடி போன குக்கர், பாதி அறுத்த எண்ணெய் கேன், உடைந்த குடத்தின் அடிப்பாகம் எனக் கிடைத்ததிலெல்லாம் நட்டு, வீட்டின் கிழக்குச் சுவர் ஓரமாக வரிசை வைத்தேன். தண்ணீர் ஊற்ற ஒரு பச்சை பிளாஸ்டிக் ஜக்கு. கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றுவது சுலபம் என்று நினைப்பவர்கள் அதை அழுகவிட்டிருக்க மாட்டார்கள். நான் முதலில் இரண்டு செடிகளை அழுகவிட்டேன். அடி கொழகொழத்து, தொட்டதும் கையோடு வந்தது, செத்த எலி நாற்றத்தோடு. அதன் பிறகு கற்றுக்கொண்டேன். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். விரல் காய்ந்து வந்தால் ஊற்றலாம், மண் ஒட்டி வந்தால் ஊற்றக் கூடாது. குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஓரமாக, சுற்றி, மெதுவாக. காய்ந்த மண் முதல் தண்ணீரை வாங்கும்போது ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கவே நான் குனிந்து உட்கார்ந்துகொள்வேன்.

பள்ளி விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே கிழக்குச் சுவருக்குத்தான் போவேன். ஒன்பது செடிகளில் எது அப்பாவைச் சரி செய்யப் போகிறதோ என்று நினைத்துக்கொள்வேன். அவர் கழுத்து எனக்கு முக்கியமாக இருந்தது. பள்ளிக்கு டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் விடும்போது அவரால் பின்னால் பார்க்க முடியாது. லாரி ஹாரன் அடித்தால் நான்தான் பின்னால் திரும்பிப் பார்த்து "வருதுப்பா, ஓரங்கட்டுங்க" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் நான் சொல்ல மறந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

பங்குனி பிறந்தபோது செடிகளுக்கு ஏதோ ஆயிற்று. அழுகல் இல்லை. மடலின் நுனி பழுத்துக் காய்ந்து, கருகிய காகிதம் போலச் சுருண்டது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம், உப்புப் பூத்த மாதிரி. எருமைக்குத் தண்ணீர் காட்ட வந்த அம்மா நின்று பார்த்தாள். விரலால் அந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"எந்தத் தண்ணி ஊத்தறே?"

"போர் தண்ணிதாம்மா."

"அதான். உப்பு ஏறுன சப்பத் தண்ணி இது, செடிக்கு ஆவாது. நாளையிலருந்து கொழாத் தண்ணி ஊத்து."

மறுவாரமே புதுக் குருத்து பச்சையாக வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். தன் கண்டுபிடிப்பை அத்தையிடம் போனில் சொன்னாள். அதற்குப் பிறகு குழாய் வரும் நாளில் இரண்டு குடம் கற்றாழைக்கென்று தனியாக மூடி வைத்தோம். தங்கச்சி அதில் சொம்பை விட்டால் அம்மா முதுகில் ஒன்று போடுவாள். "அது அப்பா மருந்துச் செடிக்குடீ. உனக்கு அங்க இருக்குது பாரு" என்று போர் தண்ணீர்ப் பானையைக் காட்டுவாள். குழந்தை அங்கே போய்க் குடிக்கும்.

காலையில் ஒரு மடல் அறுப்போம். அறுத்ததும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது கைப்பட்டால் மூன்று சோப்பு போட்டாலும் கசப்பு போகாது. முள்ளைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு. அதையும் குழாய்த் தண்ணீரில்தான் கழுவினோம், சோறு சுத்தமாக இருக்க வேண்டுமே. அப்பா கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். விழுங்கியதும் கசப்புப் போக, தலையைச் சாய்க்க முடியாமல், இடுப்பிலிருந்து பின்னால் வளைந்து, ஒரு சொம்பு போர் தண்ணீரை அப்படியே அண்ணாந்து குடிப்பார். தினமும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பங்குனிக் கடைசியில் பள்ளிக்குப் பல் டாக்டர்கள் வந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு அக்காக்கள். நம்மை வரிசையாக உட்காரவைத்து வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆளுக்கொரு அச்சடித்த சீட்டு கொடுத்தார்கள். டீச்சர், "வூட்ல படிச்சுக் காட்டணும், கேட்பேன்" என்றார். மறுநாளே பரீட்சை வேலை வந்து கேட்காமல் விட்டுவிட்டார்.

அந்தச் சீட்டின் மேல்பக்கம் மூன்று கட்டங்கள் இருந்தன: கறை குறைவு, நடுத்தரம், மிக அதிகம். எனக்கு மூன்றாவது கட்டத்தில் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதல் கட்டத்தில். (நீ இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே.) எல்லாப் பாடத்திலும் எனக்குப் பின்னால் வருகிறவள், சீட்டை எட்டிப் பார்த்து, "ஐயோ, உனக்குக் கடைசி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சீட்டை நான்காக மடித்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா பையிலிருந்து எடுத்துவிட்டாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "படி கண்ணு."

மிக அதிகம் என்ற சொல்லை என் வாயால் எப்படிச் சொல்வது? ரேடியோ மாதிரி படிக்கிற பிள்ளை கடைசியில் வந்திருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

"பல்ல ரெண்டு வேளையும் நல்லா வெளக்கணும்னு போட்டிருக்குப்பா."

"இவ்ளோ பெரிய சீட்டுல அவ்ளோதானா?"

"மீதி இங்கிலீசுல இருக்குது."

"இங்கிலீசு எது, தமிழு எதுன்னு பாத்ததும் சொல்றா பாரு" என்று அவர் அம்மாவிடம் சொன்னார்.

சீட்டில் இங்கிலீஷ் ஒரு எழுத்துகூட இல்லை. அன்று சாயங்காலம் ஒரு குட்டியைப் பிரித்து நடவேண்டியிருந்தது. பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை பெரிது, மண் கொட்டும். சீட்டை அந்த ஓட்டையின் மேல் விரித்து, மண் போட்டு, குட்டியை நட்டு, ஒரு ஜக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். விரலால் அமுக்கிவிட்டேன். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அம்மா எனக்குச் செங்கல் தூளால் பல் விளக்கிவிட்டாள். ஈறு கிழிந்து ரத்தம் வரும். "சோம்பேறிக் கழுதை, ஒழுங்கா வெளக்கியிருந்தா பள்ளிக்கூடத்துல சீட்டு குடுப்பாங்களா?" என்பாள். நான் அழாமல் காட்டுவேன். அது எனக்கு வேண்டிய தண்டனை என்றுகூட அப்போது தோன்றவில்லை. ரகசியம் காப்பாற்றப்பட்டது என்றுதான் தோன்றியது.

ஆறு மாதம் முடிந்தது. அப்பாவின் கழுத்து பம்பரமாகவில்லை. முதுகும் சேர்ந்து விறைக்க ஆரம்பித்தது. ஆடியில் வந்த அத்தை செடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தண்ணி நெறைய ஊத்திட்டே. மடலு உப்பிக் கெடக்குது, சத்தே இல்ல. இந்தக் கத்தாழையத் தின்னு எவனுக்குச் சரியாவும்?"

அப்பா, "சின்னப்புள்ள, அதுக்கென்ன தெரியும், உடுக்கா" என்றார். நான் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடல் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், நுனி வரை பச்சை. அந்த வீட்டில் நன்றாக இருந்தவை அவை மட்டும்தான்.

நான் ஒன்பதாம் வகுப்பு போனபோது போர் வற்றியது. வேறு வழியில்லாமல் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கினோம். ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம், பிறகு பழகிவிட்டது. ஒரு வாரத்தில் பழகியிருக்கக்கூடியதுதான். சீட்டுக்கும் போர் வற்றியதற்கும் நடுவில் நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில்தான் தங்கச்சிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தது. அது பழுப்பாகவே முளைத்தது. உங்களில் சீட்டை ஒழுங்காகப் படித்துக் காட்டியவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தம்பி தங்கைகளை நான் பஸ்ஸில் பார்க்கிறேன். வெள்ளையாகச் சிரிக்கிறார்கள். என் தங்கச்சிக்கு இப்போது பதினேழு வயது. துப்பட்டா நுனி எப்போதும் அவள் வாயில்தான் இருக்கும்.

போன மாதம் அப்பாவைத் தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவரால் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பு சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக, ஒரே கட்டையாகத் தெரிந்தது.

"எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

"போர் தண்ணிதாங்க. எண்ணூறு அடி."

"ஊர்ல யாரும் வேணாம்னு சொல்லலையா? நோட்டீஸ் ஏதாச்சும் குடுத்திருப்பாங்களே."

"இல்லீங்க சார். எழுதி ஏதாவது வந்திருந்தா எங்களுக்குத் தெரியாமப் போவாது. எம் பொண்ணு படிச்சவ. வூட்டுக்கு வர்ற ஒவ்வொரு காயிதத்தையும் அவதான் படிச்சுச் சொல்லுவா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அறிவியல் ஆசிரியை என்று அப்பா அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் பாலக்கோடு பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். சீட்டு, கட்டம், இங்கிலீஷ், பெயிண்ட் வாளி, எல்லாவற்றையும். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க நான் எழுந்து முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். போகவில்லை.

அவர் அப்படியே பார்த்தபடி, "அதுல வேற என்ன எழுதியிருந்துச்சு?" என்றார்.

எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். சொன்னேன். "கறைக்குக் காரணம் போர் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை மட்டுமே பயன்படுத்தவும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் உடனே மாற்றவும். பெரியவர்கள் யாருக்காவது கழுத்து, முதுகு விறைப்பு இருந்தால் மருத்துவமனைக்கு அழைத்து வரவும்."

பரிசு வாங்கப் போகும் பிள்ளைபோல ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"வெவரமாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். அப்புறம், "உங்கம்மாகிட்ட வேணாம். சின்னதுகிட்டயும் வேணாம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "டாக்டரு என்னங்க சொன்னாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "போர் தண்ணியாலதானாம். எலும்புல ஏறிக்கிச்சாம்."

தங்கச்சி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் கெட்டிக்காரி, யாரும் விளக்க வேண்டியதில்லை. "அப்ப எம் பல்லு?"

"அதுவும்தான் சாமி. கொழாத் தண்ணி வேணாம்னது நாந்தானே. நாந்தான் வெவரம் இல்லாம ஊத்தி ஊத்திக் குடுத்துட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்து, "எளநி தோத்துப்போவும்னீங்களே" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எக்ஸ்ரே உறையைப் பிடித்தபடி நின்றேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, "நீ என்ன பண்ணுவே, நீயே பச்சப்புள்ள அப்போ. இந்த மனுசனுக்கில்ல புத்தி வேணும்" என்றாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நாற்காலியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

ஒரு மாதம் ஆகிறது. தங்கச்சி இன்னும் அவரிடம் பேசுவதில்லை.